ஏழு படங்களிலும் முதுகு

கோப்பில் இருந்த ஏழு படங்களிலும் அந்தச் சிறுமியின் இடப்பக்கத்து ரிப்பன் மட்டும் அவிழ்ந்து தொங்கியது.

கண்ணின் கோளாறு என்றுதான் ஆர்ஷா முதலில் நினைத்தாள். குழந்தைகள் பாதுகாப்பு அலுவலகத்தில் சேர்ந்து பத்தொன்பது நாள்தான் ஆகிறது. எதையும் இரண்டு முறை பார்ப்பது, பார்த்ததைக் குறிப்பேட்டில் எழுதுவது, எழுதியதைச் சந்தேகப்படுவது என்றே அந்த நாட்கள் போயிருந்தன. இப்போதும் ஸ்கேலை வைத்து அளந்தாள். கரமனையில் ஒரு வாடகை வீடு; ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்து எழுதும் பொன்செல்வி, முதல் அறிக்கையில் மூன்றாம் வகுப்பு. முதல் படத்துக்கும் கடைசிப் படத்துக்கும் நடுவே இரண்டு வருடம் மூன்று மாதம். மூன்றாவது ஜன்னல் கம்பியைத் தாண்டி அவள் தலை ஒரு நூல்கூட உயரவில்லை.

"சஜியண்ணா, இந்தக் குட்டி வளரவே இல்ல."

எதிர் மேசையில் பருப்புவடை தின்றுகொண்டிருந்த சஜி எட்டிப் பார்த்தார். அவர்தான் அவளுக்கு மூத்த அலுவலர். "முதுகப் பார்த்தா எல்லாக் குட்டியும் ஒண்ணுபோலத்தான் இருக்கும் மோளே. படத்துல முகம் விழுந்தா நம்ம ஜோலி போகும், கேட்டோ."

அது விதி. குழந்தை யாரென்று வெளியே தெரியக்கூடாது. அதனால் பின்னால் நின்றுதான் எடுக்க வேண்டும்.

"அப்போ முகத்த யாரு பார்த்தா?"

"பார்த்தோம்னு ஏழு பேரு ஒப்புப் போட்டிருக்கே! நீ எட்டாவது. போட்டுட்டு வா, கோப்ப மூடிரலாம்."

ஒவ்வொரு முறையும் புகார் ஒன்றுதான். பெயர் சொல்லாத ஒரு பெண் குரல் உதவி எண்ணுக்கு அழைக்கும். சுவருக்குள்ளிருந்து ஒரு பிள்ளை அழுகிறது, அந்தப் பிள்ளையைப் பாருங்கள் என்று சொல்லி வைத்துவிடும். இன்று காலையும் வந்தது. எட்டாவது முறையும் குறையில்லை என்று பதிவானால், அதற்குப் பிறகு அந்த வீட்டுக்கு யாரும் போகமாட்டார்கள்.

நாலரை மணிக்கு அவள் போனபோது மழை இருட்டு. அக்கிரகாரத் தெருவின் அந்த வீடு அகலமில்லாமல் ரயில் பெட்டிபோல உள்ளே உள்ளே நீண்டது. ஒரு அறையைக் கடந்தால் இன்னொன்று, அதைக் கடந்தால் இன்னொன்று, ஒவ்வொன்றிலும் வெளிச்சம் ஒரு பிடி குறைந்து, ஈரச் சுண்ணாம்பின் வாடையும் தேங்காய் எண்ணெய் வாடையும் ஒரு பிடி கூடின. தெருவில் பஸ்ஸின் ஹாரன் கேட்டது. பிறகு அதுவும் கேட்கவில்லை.

தாய் பொன்னம்மை முன்னால் நடந்தாள். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவள், ஓட்டல் வேலை.

"வாங்க மேடம். பிள்ள எழுதிக்கிட்டிருக்கா." கடைசி அறையின் வாசலில் நின்றாள். "எல்லாரும் இங்கன நின்னுதான் எடுத்தாங்க."

ஜன்னல். முதுகு. இரண்டு பின்னல், இடப்பக்கத்து ரிப்பன் அவிழ்ந்து. பென்சில் காகிதத்தில் சரசரவென்று ஒரே சீராக ஓடியது. நிறுத்தமில்லை, பக்கம் திருப்பும் ஓசையும் இல்லை.

ஆர்ஷாவுக்கு ஆறரைக்கு மாலை வகுப்பு இருந்தது. உள்ளே போகப்போக சிக்னல் வேறு குறைந்தது. முதலில் படத்தை ஏற்றிவிடுவோம், பிறகு நிதானமாகப் பேசுவோம் என்று கணக்குப் போட்டாள். எடுத்தாள். 'குழந்தை நேரில் பார்க்கப்பட்டது' என்ற கட்டத்தைத் தொட்டாள். அனுப்பினாள்.

அவள் முதுகுக்குப் பின்னால் பொன்னம்மையிடமிருந்து ஒரு சத்தம் வந்தது. அழுகையை வாயால் கடித்து நிறுத்தியதுபோல.

"பேரு என்ன மோளே?"

"பொன்செல்வி."

"சாப்பிட்டியா?"

"சாப்பிட்டேன்."

"யாராச்சும் அடிக்காங்களா?"

"இல்ல. எனக்கு இங்க நல்லாருக்கு."

ஏழு அறிக்கைகளிலும் இருந்த பதில். எழுத்துக்கு எழுத்து.

ஆர்ஷா போனை இறக்கினாள். படிவத்தில் இல்லாத ஒன்றைக் கேட்டாள்.

"கொஞ்சம் திரும்பி என்னப் பாரு மோளே."

பென்சில் நின்றது.

அந்த அமைதியில்தான், வலப்பக்கத்துச் சுவருக்குள்ளிருந்து, அவள் தோளுக்கு நேராக, கரகரத்த ஒரு குரல் கேட்டது.

"அக்கா. அது நான் இல்ல."

தோளுக்கு நேராக. உட்கார்ந்திருப்பது எழுந்து நின்றாலும் அவ்வளவு உயரம் வராது. சுவருக்குள் இருப்பது வளர்ந்திருந்தது.

ஆர்ஷா சுவரில் கை வைத்தாள். கதவில்லை. விரிசல் இல்லை. வெறும் சுண்ணாம்பு. உள்ளிருந்து ஒரு கை அதே இடத்தைத் தட்டியது. மெல்ல. மறுபடி.

"யாரு போன் போட்டது?" கேட்டபோதே அவளுக்குத் தெரிந்துவிட்டது.

"நாந்தான். எல்லாத் தடவையும் நாந்தான்." பொன்னம்மையின் உதடு மட்டும் அசைந்தது. "அது கேட்டுக்கிட்டிருக்கையில போன்ல வேற என்னத்தச் சொல்ல? மொதல்ல சுவருக்குள்ள அழுதது அதுதான். மொத வந்த மேடம் எடுத்தப்போ அங்க இருந்தது எம் மவதான், படம் போனதும் ரெண்டும் மாறிப்போச்சு. நீங்களாச்சும் படம் எடுக்க முன்ன மூஞ்சியப் பாப்பீங்கன்னு நெனச்சேன். எடுத்துட்டீங்களே மேடம்."

ஆர்ஷா போனை அழுத்தினாள். ஒரே மணியில் சஜி எடுத்தார்.

"சஜியண்ணா, அந்தப் படத்த அழிச்சிருங்க! தப்பா அனுப்பிட்டேன். பிள்ளய நான் பார்க்கல."

"ஏற்றினது ஏற்றினதுதான் மோளே. கோப்பு மூடியாச்சு. நல்லா விழுந்திருக்கு, ஒரு குறையும் இல்ல. மழை வருது, பொறப்படு."

"அண்ணா, சுவருக்குள்ள..."

இணைப்பு போனது.

தட்டும் ஓசை தளர்ந்தது. இடைவெளி நீண்டது. உள்ளிருந்த குரல் இப்போது எதையும் கேட்கவில்லை. யாரோ போவதைக் கேட்டுக் கேட்டுப் பழகியதுபோல, மூக்கை மட்டும் உறிஞ்சியது.

ஆர்ஷா நகத்தால் சுண்ணாம்பைச் சுரண்டினாள். பொன்னம்மையும் பக்கத்தில் வந்து சுரண்டினாள். நகத்துக்குள் வெள்ளை. பிறகு சிவப்பு. சுவர் அப்படியே.

நாற்காலி கிறீச்சிட்டது.

"அக்கா." பின்னாலிருந்து. தெளிவான, மூன்றாம் வகுப்புக் குரல். "திரும்பச் சொன்னீங்கள்ல?"

பொன்னம்மை சேலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டாள்.

ஆர்ஷா ஜன்னல் பக்கம் திரும்பினாள்; கண்ணை மூட வேண்டும் என்று தோன்றியது. முடியவில்லை. ஜன்னல் கம்பிகளுக்கு எதிரே, அவிழ்ந்த ரிப்பன் முதலில் அசைந்தது. பிறகு பின்னல். பிறகு தோள்.

அது திரும்பிக்கொண்டிருந்தது.