பூண்டு வாடை இல்லாதவன்

மூன்றாவது வாரமும் நெட்டையன் மூச்சில் பூண்டு வாடை அடிக்காதது ஆலை நர்ஸை உறுத்தியது.

சேற்றுப் பிரிவில் வேலை பார்ப்பவனுக்கு அது நடக்காத காரியம். தாமிரத் தகடுகளை அமிலத் தொட்டியில் தொங்கவிட்டு மின்சாரம் பாய்ச்சிச் சுத்தப்படுத்தும்போது அடியில் கரிய சேறு தங்கும். அதைச் சோடா உப்போடு வறுத்து, கரைத்து, டெலூரியம் என்னும் தனிமத்தைப் பிரித்தெடுப்பார்கள். வறுக்கும் புகை துளி உள்ளே போனால் போதும், வாரக்கணக்கில் மூச்சும் வேர்வையும் பூண்டாய் நாறும். அந்த ஆட்கள் வாராந்திரச் சோதனைக்கு வந்து போனால், ஜன்னலைத் திறந்து வைத்தாலும் அறைத் திரையில் வாடை சாயங்காலம்வரை ஒட்டிக்கொண்டிருக்கும்.

வேலைக்கு டிமிக்கி கொடுக்கிறானோ? போர்மேனிடம் கேட்டாள்.

"அவனா? அடுப்பை விட்டு நகரவே மாட்டான் சிஸ்டர். நாங்கதான் நாறிக்கிட்டுத் திரியுறோம். என் பொண்டாட்டி கட்டிலையே ஹாலுக்குத் தள்ளிட்டா!"

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. மதியம் வறுக்கும் அறைக் கண்ணாடி வழியே எட்டிப் பார்த்தாள். உள்ளே வெள்ளைப் புகை. அடுப்பின் வாய்க்கு நேரே குனிந்து நெட்டையன் கிளறிக்கொண்டிருந்தான். அவன் முகமூடி ஆணியில் தொங்கியது. ஒரு இருமல்கூட இல்லை.

உடனே அவனை வரச் சொல்லி அனுப்பினாள்.

வந்தான். சட்டையைக் கழற்றிவிட்டு, முதுகைக் காட்டி ஸ்டூலில் உட்கார்ந்தான். ஸ்டெதஸ்கோப்பை வைத்தாள். விரல் பட்ட இடம் சில்லென்றிருந்தது. அடுப்படியிலிருந்து நேரே வந்த முதுகு.

"மூச்சை நல்லா இழுங்க."

தோள்கள் உயர்ந்தன.

"விடுங்க."

இறங்கின.

காதில் ஒன்றும் விழவில்லை. குழாய் அடைத்திருக்குமோ? தன் நெஞ்சில் வைத்துப் பார்த்தாள். தடதடவென்று அடித்தது. மறுபடி அவன் முதுகில் வைத்தாள்.

"இழுங்க."

உயர்ந்தன. சத்தம் இல்லை. கீழே நகர்த்தினாள். இல்லை. இடது பக்கம். இல்லை. இதயம்? அதுவும் இல்லை.

சுவர்க் கடிகாரத்தில் விநாடி முள் ஒரு சுற்று வந்தது. இரண்டு. மூன்று.

தோள்கள் இறங்கவில்லை.

அவன் மெல்லத் தலையை மட்டும் திருப்பினான்.

"இன்னும் விடச் சொல்லலையே சிஸ்டர்?" என்றான், தூக்கிய தோள்கள் தூக்கியபடியே.