நாகஜோதியின் மறுப்புரை

வீட்டுப்பாடம் வேண்டுமா வேண்டாமா என்று கேட்டால், எந்தப் பிள்ளையாவது வேண்டும் என்று சொல்லுமா? சண்முகவேல் சொல்லியாக வேண்டும். அது அவன் தலையெழுத்து.

விவாதப் போட்டிக்காக நெருப்பெரிச்சல் பள்ளிக்கு வந்த கடிதத்தில் அப்படித்தான் எழுதியிருந்தது. 'வீட்டுப்பாடம் வேண்டும்' என்ற பக்கம் இவர்களுக்கு, 'வேண்டாம்' என்ற பக்கம் எதிரணிக்கு.

"சார், இது அநியாயமுங்க. பேசறதுக்கு முன்னாடியே எல்லாரும் நம்மளத் திட்டுவாங்களே!" என்றான் சண்முகவேல். ஒன்பதாம் வகுப்பு படிக்கும் அவன்தான் அணித் தலைவன்.

"திட்டறவங்களையும் கை தட்ட வைக்கோணும். அதுக்குத்தானப்பா போட்டி?" என்றார் தமிழாசிரியர் ஈஸ்வரமூர்த்தி.

அது 2006ஆம் ஆண்டு. நெருப்பெரிச்சல் திருப்பூருக்குப் பக்கத்து ஊர். இந்தச் சுற்றில் ஜெயித்தால் மண்டலப் போட்டிக்குக் கோயம்புத்தூர் போகலாம். அந்தப் பள்ளியிலிருந்து ஒருவர்கூட அதுவரை அப்படிப் போனதில்லை.

அணிக்கு மூன்று பேர் வேண்டும். சண்முகவேல் ஒருவன், அவன் வகுப்புச் சித்ராதேவி இன்னொருத்தி. மூன்றாவது ஆளைத் தேர்ந்தெடுக்க அன்று மாலை எல்லோரையும் வரச் சொல்லியிருந்தார் ஆசிரியர்.

கடைசி பெஞ்சில் வந்து உட்கார்ந்தாள் எட்டாம் வகுப்பு நாகஜோதி. ஆறு மாதத்துக்கு முன்புதான் தெற்கே ஆண்டிபட்டியிலிருந்து அவள் குடும்பம் பிழைப்புக்காக வந்திருந்தது. அங்கே அவளுக்கு வாயாடி என்று பெயர். இங்கே வந்த முதல் நாள், "தண்ணிக் குழாய் எங்கிட்டு இருக்கு?" என்று கேட்டாள். வகுப்பே 'எங்கிட்டு, எங்கிட்டு' என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தது. அன்றைக்கு மூடிய வாயை அவள் இன்னும் சரியாகத் திறக்கவில்லை. பேசாமல் இருப்பது அவளுக்குப் பட்டினி கிடப்பதைப் போல இருந்தது. அதனால்தான் துணிந்து வந்துவிட்டாள்.

சண்முகவேல் முதலில் பேசிக் காட்டினான். கையை ஆட்டினான், மேசையைத் தட்டினான். "இந்த உலகில் முன்னேறிய அத்தனை பேரும் வீட்டுப்பாடம் செய்தே முன்னேறினார்கள்!" என்று முழங்கி முடித்தான். எல்லோரும் கை தட்டினார்கள்.

"எப்படி இருந்துச்சு?" என்று கேட்டார் ஆசிரியர்.

"நல்லா இருந்துச்சு சார். ஆனா மூணு எடத்துல பிசிறு இருக்கு" என்றது கடைசி பெஞ்ச்.

எல்லாத் தலைகளும் திரும்பின. நாகஜோதிக்கே தன் குரல் புதிதாகக் கேட்டது.

"பிசிறா? என்ர பேச்சுலயா?" என்று முறைத்தான் சண்முகவேல்.

"ஆமாண்ணே. ஒரே விசயத்தை ரெண்டு தரம் சொன்னீங்க. நடுவுல ஒரு கேள்வி கேட்டுட்டு அதுக்குப் பதிலே சொல்லல. அப்புறம், அத்தனை பேரும்னு சொன்னீங்கள்ல? பள்ளிக்கூடமே போகாம முன்னேறின ஒருத்தரை எதிரணி சொல்லிட்டா என்ன செய்வீங்க?"



ஆசிரியர் சிரித்தே விட்டார். "இதெல்லாம் எங்க கண்ணு கத்துக்கிட்டே?"

"எங்கம்மா பனியன் கம்பெனியில செக்கிங் சார். வீட்டுக்கு வந்தாலும் எதைப் பார்த்தாலும் திருப்பித் திருப்பித்தான் பார்க்கும். எனக்கும் அதே பழக்கம் வந்துருச்சு."

மூன்றாவது ஆள் யார் என்று அதற்கு மேல் யாரும் கேட்கவில்லை. சண்முகவேலுக்கு மட்டும் முகம் சுண்டிப் போயிற்று. ஆனாலும் மறுநாள் அவன் எழுதிக்கொண்டு வந்த பேச்சில் அந்த மூன்று இடங்களும் திருத்தப்பட்டிருந்தன.

போட்டி ஊத்துக்குளியில் ஒரு பள்ளியில் நடந்தது. நான்கு பேரும் பாசஞ்சர் ரயிலில் போய் இறங்கினார்கள். ஊத்துக்குளி வெண்ணெய்க்குப் பேர்போன ஊர். "ஜெயிச்சா ஆளுக்கு ஒரு பொட்டலம் வெண்ணெய்" என்றார் ஆசிரியர். "தோத்தா?" என்று கேட்டாள் சித்ராதேவி. "தோத்தா ஆளுக்கு ஒரு தம்ளர் மோருதான்."

மண்டபம் முழுக்கப் பிள்ளைகள். 'வீட்டுப்பாடம் வேண்டும்' என்ற அணி மேடை ஏறியதும், சொல்லி வைத்ததைப் போல 'ஊ' என்று சத்தம் எழுந்தது. சண்முகவேல் அசரவில்லை. கணீரென்று பேசினான். சித்ராதேவியும் சோடை போகவில்லை. நாகஜோதி பேசும்போது ஓரிடத்தில் நாக்கு குழறியது, ஆனால் சமாளித்துவிட்டாள். எதிரணியில் இரண்டு பேர் பேசி முடித்தபோது, ஜெயித்துவிடுவோம் என்றே மூவருக்கும் தோன்றியது.

அப்போதுதான் எதிரணியின் கடைசிப் பேச்சாளன் எழுந்தான். ஒல்லியான பையன், பெயர் ஆரோக்கியராஜ். அவன் கையை ஆட்டவில்லை, மேசையைத் தட்டவில்லை.

"எங்க அப்பாவும் அம்மாவும் வேலை முடிஞ்சு வர ராத்திரி எட்டு மணி ஆகும். ரெண்டு பேரும் அஞ்சாவதோட நின்னவங்க. வீட்டுப்பாடத்தில் ஒரு கணக்கு வரலைன்னா நான் யாரைக் கேட்பேன்? படிச்சவங்க வீட்டுப் பையனுக்கு ராத்திரியே விடை கிடைக்குது. எனக்கு மறுநாள் காலையில் அடி கிடைக்குது. ரெண்டு பேரும் ஒரே வகுப்புதான். இது நியாயமா?"

மண்டபம் அதிர்ந்தது. பிள்ளைகள் பெஞ்சில் ஏறி நின்று கை தட்டினார்கள்.

இனி மிச்சமிருப்பது மறுப்புரை. அணிக்கு ஒருவர், இரண்டே நிமிடம். யார் பேசுவது என்று நடுவர் சீட்டு எடுத்துச் சொல்வார். நடுவர் அம்மா சீட்டைப் பிரித்தார்.

"நாகஜோதி."

சண்முகவேல் அவள் பக்கம் குனிந்தான். "இங்க பாரு புள்ள, அவன் சொன்ன எதையும் ஒத்துக்காத. எல்லாமே தப்புன்னு அடிச்சுப் பேசு. ஒண்ணை ஒத்துக்கிட்டாலும் போச்சு, நேரா மோருதான்!" என்று காதில் கிசுகிசுத்தான்.

நாகஜோதி ஒலிபெருக்கி முன்னால் வந்து நின்றாள். ஆரோக்கியராஜ் சொன்னதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். எங்கும் ஓட்டையே இல்லை.

அம்மா சொன்னது ஒன்று அவளுக்கு நினைவு வந்தது. செக்கிங்குக்கு ஒரு புது அக்கா வந்தாளாம். பயத்தில், கைக்கு வந்த பனியனையெல்லாம் சரியில்லை என்று தள்ளிப் போட்டாளாம். சாயங்காலம் சூப்பர்வைசர் சத்தம் போட்டார். "நல்ல பீஸையும் தள்ளிட்டா, அப்புறம் செக்கிங் எதுக்கும்மா?"

நாகஜோதி பேசத் தொடங்கினாள்.

"எதிரணி நண்பர் ஆரோக்கியராஜ் சொன்னது முழுக்க உண்மை. நான் அதை மறுக்கப் போவதில்லை."

சண்முகவேல் தலையில் கை வைத்துக்கொண்டான்.

"எங்க வீட்டிலும் அதே கதைதான். போன வாரம் எனக்குப் பின்னக் கணக்கு வரவில்லை. எங்கிட்டுப் போய்க் கேட்க?"

முன்வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். நாகஜோதிக்கும் அது கேட்டது. ஆனால் இரண்டு நிமிடத்தில் அதற்கெல்லாம் ஏது நேரம்?

"எங்க அம்மா பனியன் கம்பெனியில் செக்கிங் பார்க்கிறாங்க. ஒரு பனியனில் தையல் விட்டிருந்தால் அதைக் குப்பையில் போட மாட்டாங்க. விட்டுப்போன இடத்தை மறுபடியும் தைத்துக் கொண்டுவரச் சொல்லுவாங்க. வீட்டுப்பாடத்திலும் ஓரிடத்தில் தையல் விட்டிருக்கிறது. அந்த இடத்தை எதிரணி சரியாகக் காட்டிவிட்டது. அதற்கு நன்றி. இப்போது தைத்துவிடலாமே! வீட்டில் சொல்லித்தர ஆள் இல்லாத பிள்ளையும் தானாகச் செய்யக்கூடிய பாடமாகக் கொடுங்கள். வராத கணக்கை வரவில்லை என்று எழுதி வந்தால் அடிக்காதீர்கள். காலையில் முதல் வேலையாக அதைச் சொல்லிக்கொடுங்கள். அப்போது ஆரோக்கியராஜும் செய்வான், நானும் செய்வேன். அப்படிப்பட்ட வீட்டுப்பாடம் வேண்டும். கட்டாயம் வேண்டும்!"

மணி அடித்தது. முதலில் கை தட்டியது எதிரணி மேசையிலிருந்த ஆரோக்கியராஜ். அதற்குப் பிறகு மண்டபத்தில் யார் தட்டினார்கள், யார் தட்டவில்லை என்று பிரித்துப் பார்க்க முடியவில்லை.

எதிரணியின் மறுப்புரையும் முடிந்த பிறகு, நடுவர் அம்மா நாகஜோதியைப் பார்த்தார். "ஏங்கண்ணு, எதிரணி சொன்னதை அப்படியே ஒத்துக்கிட்டியே. தோத்துருவோம்னு பயமா இல்லையா?"

"பயமாத்தாங்க இருந்துச்சு. ஆனா அவன் சொன்னது நெசமாச்சே!"

நடுவர் அம்மா சிரித்துக்கொண்டே தாளில் ஏதோ எழுதினார். பத்து நிமிடம் கழித்து முடிவு வந்தது. வெற்றி நெருப்பெரிச்சல் பள்ளிக்கு! சித்ராதேவி நாகஜோதியைக் கட்டிப் பிடித்துக் குதித்த குதியில் மேடைப் பலகை கிறீச்சிட்டது. 'ஊ' என்று கத்திய அதே பிள்ளைகள் இப்போது விசில் அடித்தார்கள்.

ரயில் நிலையத்தில் மூவர் கையிலும் வெண்ணெய்ப் பொட்டலம் இருந்தது. சண்முகவேல் தன் பொட்டலத்தைப் பிரிக்காமல் நாகஜோதியின் பக்கம் வந்து நின்றான்.

"கோயமுத்தூர்ல மறுப்புரைக்குச் சீட்டு எடுக்க மாட்டாங்களாம். அணித் தலைவர்தான் ஆளைச் சொல்லோணுமாம்."

"நீங்கதானண்ணே தலைவர்? நீங்களே பேசுங்க."

"தலைவன் சொன்னா கேக்கோணும். நான் சொல்றேன், அங்கயும் மறுப்புரை நீதான் பேசற."

நாகஜோதி ஆசிரியரைப் பார்த்தாள். அவர் தலையாட்டினார். சித்ராதேவியைப் பார்த்தாள். அவள் விரலில் ஒட்டிய வெண்ணெயை நக்கியபடியே தலையாட்டினாள்.

"பேசுறேண்ணே!" என்றாள் நாகஜோதி. அந்தச் சத்தத்துக்கு எதிர்ப் பக்க நடைமேடையில் நின்றவர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள்.