இருபதாவது நிமிடத்தில் நிற்கும் வண்டி

காலை ஆறரைக்கு உருக்கு வண்டி பாட்டுப் போட்டபடி தெருவுக்குள் நுழையும். உலையில் போட்டு உருக்குவதற்காக, வேலைக்காகாத இயந்திரன்களை வீட்டுக்காரர்கள் வாசலில் கொண்டுவந்து நிறுத்துவார்கள். பேசுபவை பச்சைத் தொட்டியில், பேசாதவை நீலத் தொட்டியில். பிரிக்காமல் கொடுத்தால் திட்டு விழும். பேசுபவை ஏறும்போது என்னென்னவோ சொல்லும் என்பதால் பாட்டைக் கொஞ்சம் சத்தமாகவே வைப்பார்கள்.

திருச்செங்கோட்டில் அர்த்தநாரியின் கார் பட்டறையில் இருந்த பழுதறிவான், அந்தப் பாட்டைக் கேட்டாலே கையிலிருக்கும் ஸ்பானரை இறுகப் பிடித்துக்கொள்ளும். வண்டிகளின் நோயைக் கண்டுபிடிப்பதற்கென்றே செய்யப்பட்ட இயந்திரன் அது. அர்த்தநாரி அதற்கு வைத்த பெயர் ஜமீன். ஆறு மாதமாக அது இருபது நிமிடம் வேலை செய்யும். பிறகு கண் மங்கி அப்படியே நின்றுவிடும். அரை மணி நேரம் கழித்து, ஒன்றும் நடக்காததுபோல எழுந்துகொள்ளும். காரணம் அதற்கே தெரியாது. பழுதறிவான்கள் தங்கள் பழுதை அறியக்கூடாது என்பது சட்டம். அறிந்தால் லீவு கேட்கும்.

தமயந்தி தன் எண்பது வயது டீசல் காரைக் கொண்டுவந்து விட்டது செவ்வாய்க்கிழமை. அந்தக் காலத்து வண்டிகளுக்கு முகூர்த்த நாளில் மட்டும்தான் சாலையில் ஓட அனுமதி. வெள்ளிக்கிழமை அவள் மகனுக்குக் கல்யாணம்.

"ஸ்டார்ட் ஆகறதெல்லாம் நல்லாத்தான் ஆகுதுங்க. இருபது நிமிசம் ஓடும், அப்புறம் இழுவை போயி பொசுக்குனு நின்னுக்குது. அரை மணி நேரம் உட்டா மறுக்காவும் கெளம்புது."

"அட, நம்ம ஜமீனாட்டமே!" என்று அர்த்தநாரி சிரித்தார். தமயந்தியும் சிரித்தாள். அந்த ஒற்றுமையைப் பற்றி அதற்குமேல் யாரும் யோசிக்கவில்லை.

"வியாழக்கிழமைக்குள்ள கண்டுபுடி. இல்லீனா வெள்ளி காத்தால உனக்குப் பாட்டுத்தான்," என்றார் அர்த்தநாரி.

டீசல் போகும் வழியைக் கடைசியிலிருந்து பார்த்து வர வேண்டும் என்பது ஜமீனுக்குள் எழுதப்பட்ட விதி. முதலில் இன்ஜெக்டர், அப்புறம் பம்பு, ஃபில்டர், குழாய், கடைசியில் டேங்க். இன்ஜெக்டர் சுத்தம். ஃபில்டரில் தண்ணீர் இல்லை. நடுவே கண்ணாடிக் குழாய் போட்டுப் பார்த்தது. காற்றுக் குமிழியும் இல்லை. அத்தோடு இருபது நிமிடம் முடிந்து கண் மங்கும். எழுந்தால், விதிப்படி, மறுபடியும் இன்ஜெக்டர். இப்படிப் பதினொரு முறை.

"நடிக்கறான்," என்று அர்த்தநாரி அதன் முதுகில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினார். டி.வி. காலத்திலிருந்து நம்மிடம் இருக்கும் வைத்தியம் அது ஒன்றுதான்.

வியாழன் சாயங்காலம் தமயந்தி வந்து நின்றாள். நேரம் ஓடுவதைப் பார்த்த ஜமீன், இன்ஜெக்டரையும் பம்பையும் தொட்டுவிட்டு, பிறந்ததிலிருந்து முதல் தடவையாக விதியை மீறியது. ஓடவிட்டிருந்த இன்ஜின் திணறிக்கொண்டிருக்கும்போதே நேராகப் பின்னால் போய் டேங்க் மூடியைத் திறந்தது. உஸ்ஸென்று காற்று உள்ளே பாய்ந்தது. திணறிய இன்ஜின் சீராக ஓடத் தொடங்கியது.

மூடியில் ஊசி முனை அளவுக்கு ஒரு துளை. டீசல் வெளியேறும் அளவுக்குக் காற்று அதன் வழியே டேங்குக்குள் போக வேண்டும். போகாவிட்டால் டேங்க் டீசலை விடாமல் பிடித்துக்கொள்ளும். துளையின் மேல் காய்ந்த சந்தனம், நடுவில் குங்குமம்.

"போன ஆயுத பூஜைக்கு நாந்தானுங்க வெச்சேன்," என்றாள் தமயந்தி. "டீசல் குடிக்கற வாயாச்சே, அதுக்கு வெக்காம உட்டா சாமி குத்தமாயிருமுங்களே."

"அம்மா, அது வாய் இல்லை, மூக்கு," என்றது ஜமீன். "மூக்கை அடைச்சா எந்த வண்டியா இருந்தாலும் இருபது நிமிஷத்துல..."

கண் மங்கி நின்றுவிட்டது.

"பாவமுங்க. கண்டுபுடிச்சிருச்சே," என்றாள் தமயந்தி.

"கண்டுபுடிச்சது சரிங்க. சொல்ல வந்ததை முடிச்சானா பாருங்க."

வெள்ளிக்கிழமை காலை ஜமீன் பச்சைத் தொட்டியில் நின்றது. உருக்கு வண்டிக்காரர் அதை வண்டியில் தூக்கிப் போட்டு, பின்கழுத்துக் குழியில் கெட்டியாக அப்பியிருந்த சந்தனத்தைக் கத்தியால் சுரண்டி எடுத்தார். சந்தனத்தோடு உருக்கினால் பாவம். வண்டி நகர்ந்தது. குழிக்குள் காற்றுப் புகுந்து, மூளை குளிர்ந்து, ஜமீனின் கண் பளிச்சென்று எரிந்தது. இருபது நிமிடம் ஆயிற்று. நாற்பது ஆயிற்று. "முதலாளி, எனக்குச் சரியாயிடுச்சு!" என்று, உலை வாசல் வரைக்கும் ஒன்றேகால் மணி நேரம், ஒரு நொடிகூட நிற்காமல் கூப்பிட்டுக்கொண்டே போனது. பாட்டு நன்றாக இருந்தது.

அந்நேரம் பட்டறையில், காரை எடுக்க வந்த தமயந்தி பார்த்திருக்க, அர்த்தநாரி கிண்ணத்தில் சந்தனம் குழைத்துக்கொண்டிருந்தார். புதிய பழுதறிவான் பணிவாகத் தலை குனிந்தது. அதன் பின்கழுத்தைத் தடவிப் பார்த்தவரின் முகம் மலர்ந்தது.

"கம்பெனிக்காரன் கெட்டிக்காரனுங்க. பொட்டு வெக்கறதுக்குன்னே குழி உட்டிருக்கான் பாருங்க."

"பழசுதான் ஓயாம நின்னுச்சே," என்றாள் தமயந்தி. "இதுக்குக் கொஞ்சம் சேத்தியே அப்பிடுங்க."