வெட்டுப்பட்ட உடுக்கை

அன்று மதியம் பினாங்கில் பிடித்த மழை விடவே இல்லை. நூலகத்தின் மூன்றாம் மாடிக்கு என் தங்கை சாந்தினி சொட்டச் சொட்ட நனைந்து வந்து நின்றாள். தரை முழுக்கத் தண்ணீர்.

"ஏண்டி, குடைன்னு ஒண்ணு இருக்குல்ல?"

"திட்டாத லா, காமி. நாளைக்கு அசைன்மெண்ட் கொடுக்கணும். சாப்பிடக்கூட இல்ல."

காமினி என்ற என் பெயரை அவள் வெட்டி வைத்த வெட்டு அது. வாயில் பேச்சு வந்த நாளிலிருந்து என்னை அக்கா என்று கூப்பிட்டதே கிடையாது. அம்மா போன பிறகு ஜெலுத்தோங் ஃபிளாட்டில் நாங்கள் இருவர்தான். சோறு போட்டு வளர்த்தவள் நான், மரியாதை மட்டும் கிடையாது. எத்தனையோ முறை திட்டிப் பார்த்துவிட்டேன். பல்லைக் காட்டிச் சிரிப்பாள்.

நான் இந்தப் பல்கலைக்கழக நூலகத்தில் இசைப் பிரிவைப் பார்த்துக்கொள்கிறேன். இசைத்தட்டு, நாடா எல்லாம் எப்போதோ பெட்டிக்குள் போய்விட்டன. இப்போது எல்லாமே ஸ்ட்ரீமிங். மாணவர் எண்ணைத் தட்டினால் போதும், ஜாவாக் கோங்கு மேளத்திலிருந்து ஜாஸ் வரை காதில் ஓடும். யார் கேட்கிறார்கள்? பிள்ளைகள் இங்கே ஏர்கான் குளிருக்காக வந்து உட்கார்ந்து, அவரவர் போனில் சினிமாப் பாட்டுக் கேட்கிறார்கள். எனக்கு வயிற்றெரிச்சல்தான்.

எங்கள் சொந்தச் சேகரம் ஒன்றும் உண்டு. காலமான ஒரு பேராசிரியர் ரப்பர்த் தோட்டம் தோட்டமாக அலைந்து பதிவு செய்த நாடாக்கள். அவற்றைக் கணினிக்கு மாற்றி அந்த வாரம்தான் ஏற்றியிருந்தோம். அதில் ஒன்று பத்து காவான் என்ற ஊரின் தோட்டத்தில் பதிவானது. பேய் பிடித்த ஒரு பெண்ணுக்குப் பூசாரி உடுக்கை அடிக்கிறார். இப்போது பத்து காவானில் அந்தத் தோட்டம் இல்லை, கூலிகள் குடியிருந்த லயம் இல்லை, எல்லாம் ஃபேக்டரி.

சாந்தினி இசைத்துறையில் கடைசி வருடம். அந்த உடுக்கையின் தாளத்தை அவள் எழுதிக் கொடுக்க வேண்டும். எங்கள் பதிவை முதலில் கேட்கப்போவது என் தங்கை என்பதில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

கண்ணாடிக் கதவு போட்ட கேட்பறையில் அவளை உட்கார வைத்தேன். ஹெட்போனை மாட்டிக்கொண்டு, பென்சிலை எடுத்து, திரும்பத் திரும்ப ஓடும்படி பாட்டைப் போட்டாள். கட்டை விரலை உயர்த்திக் காட்டினாள். நான் என் மேசைக்குப் போனேன்.

கொஞ்ச நேரத்தில் ஒரு வாடை வந்தது.

முதலில் மழை வாடை என்று நினைத்தேன். இல்லை. புளித்துப்போன ரப்பர்ப் பால் வாடை. சின்ன வயதில் தோட்டத்து உறவுக்காரர்களின் சட்டையில் அடித்த அதே வாடை, மூக்கைத் துளைத்தது. மூன்றாம் மாடியில், ஏர்கான் ஓடும் அறையில், ரப்பர்ப் பால் எங்கிருந்து வரும்?

கேட்பறையைப் பார்த்தேன். சாந்தினி தலையை அவிழ்த்து விட்டிருந்தாள். ஈர முடி முகத்தை மூடியிருந்தது. உடம்பு முன்னும் பின்னும் ஆடிக்கொண்டிருந்தது. பென்சில் கீழே கிடந்தது.

தாளத்தில் லயித்துவிட்டாள், கழுதை, என்று சிரித்துக்கொண்டே கதவைத் திறந்தேன்.

வாடை முகத்தில் அறைந்தது.

ஹெட்போன் அவள் காதில் இல்லை. மேசைமேல் கிடந்தது. ஆனாலும் உடுக்கைச் சத்தம் கேட்டது. பக்கத்தில், மிகப் பக்கத்தில்.

"சாந்தினி?"

ஆட்டம் நின்றது.

"வரச் சொன்னாங்க," என்றது ஒரு குரல். வெற்றிலை போட்டுப் போட்டுத் தடித்துப்போன கிழட்டுப் பெண் குரல். "வந்துட்டேன். மறுபடி வரச் சொன்னாங்க. மறுபடி வந்துட்டேன். போகச் சொல்ல ஆளே இல்லியே."

என் தங்கையின் வாய்தான் அசைந்தது.

எப்படிக் கத்தினேன் என்று தெரியாது. கணினிப் பிரிவு நூர் முகம்மது அண்ணன் பக்கத்து அறையிலிருந்து ஓடி வந்தார். உள்ளே பார்த்தவர் சுவரோடு ஒட்டிக்கொண்டார்.

"யா அல்லா. காமினி, இது என்னம்மா?"

"அண்ணே, அந்தப் பாட்டு எங்க முடியுது?"

அவருக்கு ஒன்றும் புரியவில்லை. எனக்குப் புரிந்துவிட்டது. பேய்க்கு அடிக்கும் உடுக்கையைப் பாதியில் வைக்க மாட்டார்கள். அழைக்க ஒரு தாளம், அனுப்ப ஒரு தாளம். பேரைச் சொல்ல வைத்து, போகிறேன் என்று சொல்ல வைத்து, போன பிறகுதான் உடுக்கை தரையில் படும். தோட்டத்து வழியில் வந்த எல்லாருக்கும் இது தெரியும். ஆனால் திரையில் ஓடிய பாட்டு பூசாரி "யாரு நீ? வா, வந்து பேசு" என்று கூப்பிடும் இடத்தில் முடிந்து, மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தது.

நூர் அண்ணன் உட்கார்ந்து தட்டினார்.

"சைலன்ஸ் வந்தா வெட்டச் சொல்லி செட்டிங் வச்சிருக்கோம்ல," என்றார் மெதுவாக. "வெறும் சைலன்ஸ் ஓடினா ஸ்டூடண்ட் எல்லாம் பழுதுன்னு கம்ப்ளெய்ன் பண்றாங்கன்னு. இந்தப் பாட்டுல கூப்பிட்ட பிறகு ரொம்ப நேரம் சத்தமே இல்ல. பாட்டு முடிஞ்சிருச்சின்னு கம்ப்யூட்டர் வெட்டிருச்சி."

"மிச்சம்?"

"அசல் ஃபைல்ல இருக்கு."

"போடுங்கண்ணே! ஸ்பீக்கர்ல போடுங்க!"

நான் சாந்தினியைக் கட்டிப் பிடித்துக்கொண்டேன். உடம்பு ஐஸ் மாதிரி இருந்தது. அவளுக்குள் இருந்த ஏதோ ஒன்று என் முகத்தை மோந்து பார்த்தது.

ஸ்பீக்கரில் முதலில் வெறும் இரைச்சல். அப்புறம் மௌனம். மிக நீண்ட மௌனம். அந்த மௌனத்தில் யாரோ மூச்சு விட்டுக்கொண்டிருந்தார்கள்.

பிறகு உடுக்கை திரும்பியது. வேறு தாளம், வேகமான தாளம். பூசாரியின் குரல் உடைந்திருந்தது.

"பேரச் சொல்லு! பேரச் சொல்லிட்டு எறங்கிப் போ!"

சாந்தினி என் கையில் துள்ளினாள். என் கழுத்தைப் பிடித்தாள். அவள் நகம் பதிந்த இடம் இன்னும் எரிகிறது. அவள் ஏதோ சொல்ல வாயைத் திறந்தாள், கண் இமைக்காமல் என்னையே பார்த்தாள், அந்த நேரம் பார்த்து இடி இடித்தது. ஸ்பீக்கரில் வந்த பதிலும் காதில் விழவில்லை, அவள் சொன்னதும் விழவில்லை.

துவண்டு விழுந்தாள்.

வாடை போய்விட்டது.

நூர் அண்ணன் தண்ணீர் தெளித்தார். கண் திறந்தாள். சுற்றிலும் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்து மெல்லச் சிரித்தாள்.

"அக்கா, வீட்டுக்குப் போலாமா?"

நான் ஓவென்று அழுதுவிட்டேன். கிடைத்துவிட்டாள், என் பிள்ளை கிடைத்துவிட்டாள், அதுதான் மனதில் இருந்தது. வேறு ஒன்றும் எனக்கு உறைக்கவில்லை.

மறுநாள் காலை நான் எழுந்தபோது பாத்திரமெல்லாம் கழுவியிருந்தது. வீடு கூட்டியிருந்தது. எண்ணெய் தேய்த்துப் படியச் சீவிய தலையோடு எனக்குத் தேநீர் கொண்டுவந்து வைத்தாள். அசைன்மெண்ட்டைப் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை. பயத்தில் புத்தி வந்துவிட்டது, நல்லதுதான், என்று நினைத்துக்கொண்டு வேலைக்குப் போனேன்.

முழுப் பதிவையும் ஏற்றிவிட வேண்டும், இன்னொரு பிள்ளை மாட்டக்கூடாது என்பது எங்கள் முடிவு. ஏற்றும் முன் கடைசிவரை சரியாக இருக்கிறதா என்று கேட்டுப் பார்ப்பது வழக்கம். நூர் அண்ணன் பக்கத்தில் நின்றார். நான் ஹெட்போனை மாட்டினேன்.

அழைப்பு. மௌனம். அனுப்பும் தாளம்.

"பேரச் சொல்லு! பேரச் சொல்லிட்டு எறங்கிப் போ!"

நான் பிறப்பதற்கு முன்னால் பதிவான நாடா அது.

அதில் ஒரு இளம்பெண்ணின் குரல் அழுதது.

"சாந்தினி... என் பேரு சாந்தினி. என்னை ஏன் போகச் சொல்றீங்க? காமி! காமி, நான்டி! இங்க ஒரே இருட்டா இருக்குடி!"

உடுக்கை ஓய்ந்தது. அவள் மூச்சு மட்டும் கேட்டது. அதுவும் நின்றது.

நான் வாயைப் பொத்திக்கொண்டேன். என் முகத்தைப் பார்த்த நூர் அண்ணன் என்ன ஏது என்று கேட்கவில்லை. பாவம், நல்ல மனிதர். சுட்டியை எடுத்தார்.

"வேணாம்மா இது. அசலோட சேர்த்து அழிச்சிடறேன். நாடாவும் பூஞ்சை பிடிச்சிப் போச்சி, இனி யாருக்கும் தொல்லை இல்ல."

"தொடாதீங்க!" அவர் கையைப் பிடித்து இழுத்தேன். "தொட்டீங்கன்னா அவ எங்கண்ணே போவா?"

மேசைமேல் என் போன் அதிர்ந்தது. வீட்டிலிருந்து, சாந்தினியின் எண்ணிலிருந்து ஒரு செய்தி.

"அக்கா, அந்தப் பாட்டை அழிச்சிட்டீங்களா?"