ஒரு வேளை மட்டும்

சீட்டில் இரண்டு சொற்களுக்கு நடுவே இருந்த இடைவெளியைக் காணவில்லை. நேற்றுவரை 'ஒரு வேளை மட்டும்' என்று இருந்தது. இன்று 'ஒருவேளை' என்று ஒட்டிக்கொண்டு நின்றது. 'மட்டும்' மங்கிப்போயிருந்தது.

பெரிய மருமகள் மாத்திரை டப்பாவை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். கொழுந்தனின் மனைவி சின்னவள் மருந்துக்கடையில் வேலை பார்ப்பவள். வந்த மாதமே வீட்டு மருந்துகளுக்கெல்லாம் குண்டு குண்டான எழுத்தில் சீட்டு எழுதி ஒட்டிவிட்டாள். பன்னிரண்டு வருஷமாக மாமியாருக்கு மாத்திரை எடுத்துக் கொடுத்தவள் பெரியவள். எது எதற்கு என்று அவளுக்கு மனப்பாடம். இப்போது மாமியாரே கண்ணாடியை மாட்டிக்கொண்டு எழுத்துக்கூட்டிப் படிக்கிறாள்.

"சின்னவ எழுதி ஒட்டினப்புறம்தான் படபடப்பு அடங்கியிருக்கு," என்று இன்று காலையில்கூடச் சொன்னாள். அதே மாத்திரைதான்! பெரியவளுக்கு வயிறு எரிந்தது.

இன்றைய மாத்திரையைக் கொடுத்துவிட்டுத்தான் சின்னவள் வேலைக்குப் போயிருந்தாள். மதியம் வீட்டில் மாமியாரும் பெரியவளும்தான். சமையலறைக் குழாய் சொட்டிக்கொண்டிருந்தது; மாமியார் அறையிலிருந்து தைல வாடையும், அதற்கு அடியில் காயாத துணியின் வாடையும் மெல்ல மெல்லக் கூடம்வரை வந்தன. டப்பாவை வைக்கப் போனவள் மறுபடி பார்த்தாள்.

'ஒருவேளை பெரியவள் கொடுத்தால்.'

அதே குண்டு எழுத்து. நகத்தால் சுரண்டினாள். மை ஈரமாக இருந்தது.

"சின்னவளா?" உள்ளேயிருந்து மாமியார் கேட்டாள். "மூச்சு முட்டுதும்மா."

"நான்தான் அத்தை. பெரியவ."

"ஓ... நீயா."

அந்த 'நீயா' சுருக்கென்று தைத்தது. ஒரு நாளைக்கு ஒன்றுதான் என்பது அவளுக்குத் தெரியாததல்ல. ஆனால் தன் கையால் கொடுத்து மூச்சு சீரானால், பேர் தனக்குத்தானே? தெரிந்தே ஒரு மாத்திரையை உள்ளங்கையில் தட்டினாள்.

மாமியார் விழுங்கினாள். மூச்சு நிதானமானது. இன்னும் நிதானமானது. பிறகு நின்றது.

குழாய்ச் சத்தமும் இல்லை.

மணிக்கட்டைத் தொட்டாள். சில்லிட்டிருந்தது. துடிப்பு இல்லை.

வாய் மட்டும் திறந்தது. நாக்கு நீண்டது.

"இன்னொண்ணு."

கொடுத்தாள். தொண்டை அசைந்தது. வாய் மறுபடி திறந்தது.

வாசலில் சின்னவள் செருப்பைக் கழற்றும் சத்தம். "அக்கா, அத்தை தூங்குறாங்களா?"

குளிர்ந்த விரல்கள் பெரியவளின் கையை வளைத்துப் பிடித்தன.

"அவ வேணாம்," என்றது திறந்த வாய். "நீதான் குடுக்கணும்."