கம்பளி போர்த்திய ஆப்பிள் மரம்

சென்னம்மாளுக்குப் பத்து வயது. அவளிடம் ஒரு கம்பளி இருந்தது. மார்கழி பிறந்தால் அதை அவள் போர்த்திக்கொள்ள மாட்டாள். ஒரு மரத்துக்குப் போர்த்திவிடுவாள்.

இதைக் கேட்டுச் சிரிக்க வேண்டாம். வத்தல்மலையில் அது ஒன்றும் விசித்திரமான காரியம் இல்லை. மார்கழிக் குளிரில் அங்கே பிள்ளை பிறந்தால் பிள்ளைக்குக் கம்பளி. ஆடு குட்டி போட்டால் குட்டிக்குக் கம்பளி. இளசு எதுவானாலும் முதலில் அதைச் சூடாக வைக்க வேண்டும், மற்றதெல்லாம் பிறகுதான். அப்படியிருக்க, கடல் தாண்டி வந்த ஒரு செடியை மட்டும் வெறும் உடம்போடு விட்டுவிட முடியுமா?

அது ஓர் ஆப்பிள் செடி. அதைக் கொடுத்தவர் டாக்டரம்மா. மலைக்குக் கீழே ஓர் ஆஸ்பத்திரியில் வேலை பார்த்த வெள்ளைக்காரப் பெண்மணி அவர். அவ்வப்போது மருந்துப் பெட்டியோடு மலை ஏறி வருவார். புத்தகத்தைப் பார்த்து வாசிப்பதுபோலத் தமிழ் பேசுவார்.

அவருடைய ஊர் வடக்கே வெகு தூரத்தில் இருந்தது. மலையே இல்லாத பெரிய சமவெளியாம். குளிர்காலத்தில் வாளித் தண்ணீர் கல்லாக உறைந்துவிடுமாம். சென்னம்மாள் இதை நம்பவில்லை. ஆனால் டாக்டரம்மா பொய் சொல்கிறவர் இல்லை என்பதால், பேசாமல் கேட்டுக்கொண்டாள்.

அந்த ஊரிலிருந்து ஈரப் பாசியில் சுற்றிக் கப்பலில் சில செடிகள் வந்தன. ஆஸ்பத்திரித் தோட்டத்தில் நட்டவை எல்லாம் சித்திரை வெயிலில் கருகிப்போயின. மிஞ்சியது ஒன்றே ஒன்று. ஒரு தை மாதத்தில் அதை எடுத்துக்கொண்டு மலை ஏறி வந்த டாக்டரம்மா, சென்னம்மாளின் கையில் கொடுத்தார்.

"என் தந்தையின் தோட்டத்தில் இந்த மரம்தான் நின்றது. இது பூத்தால் எனக்குச் சொல்லி அனுப்புவாயா?"

"சொல்றனுங்க" என்றாள் சென்னம்மாள்.

அன்று டாக்டரம்மா அவர்கள் வீட்டிலேயே தங்கினார். அம்மா தங்கம்மாள் அடுப்புக்குப் பக்கத்தில் படுக்கை போட்டு, கம்பளியும் கொடுத்தாள். விடிந்து பார்த்தால் படுக்கையில் ஆளைக் காணோம். வாசலில், பனி கொட்டும் இடத்தில், ஒரு மெல்லிய துணியைப் போர்த்திக்கொண்டு டாக்டரம்மா நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருந்தார்.

அம்மா பதறிப்போனாள். டாக்டரம்மாவோ, தனக்கு இங்கேதான் நன்றாகத் தூக்கம் வருகிறது என்று சொல்லிச் சிரித்தார். அம்மா அதை நம்பவில்லை. வந்த இடத்தில் எதையும் வாய்விட்டுக் கேட்கக் கூச்சப்படுகிறார் என்று அவளாகவே முடிவு செய்துகொண்டாள்.

செடியை வாசலுக்குக் கிழக்கே, களத்தின் ஓரத்தில் நட்டார்கள். மார்கழி வந்ததும் சென்னம்மாள் அதைச் சுற்றிக் கம்புகள் நட்டு, புல் வேய்ந்து, உள்ளே தன் கம்பளியைப் போர்த்திவிட்டாள். ஒவ்வொரு வருஷமும் இப்படித்தான். செடி மரமாயிற்று. இலைகள் பளபளவென்று இருந்தன. பூ மட்டும் வரவில்லை.

காய்க்காத மரத்தை மிரட்டுவது அந்த மலையில் வழக்கம். வீட்டுக்காரர் கோடாலியை ஓங்கிக்கொண்டு போவார். வீட்டுக்காரி குறுக்கே நின்று, மரத்துக்காகக் கெஞ்சுவாள். வெறும் நாடகம்தான். ஆனால் வீட்டுப் பலா தன்னுடைய கோடாலிக்குப் பயந்துதான் காய்த்தது என்று அப்பா மாதப்பன் எல்லாரிடமும் சொல்வார்.

ஒரு தை மாதம் ஆப்பிள் மரத்தின் முறை வந்தது.

"காய்க்கிறியா, வெட்டட்டுமா?" என்று அப்பா கோடாலியை ஓங்கினார்.

"வெட்டாதீங்க. வர்ற வருசம் காய்ச்சிடும்" என்று அம்மா தடுத்தாள்.

வழக்கமாக அத்தோடு நாடகம் முடிந்துவிடும். அன்று அப்பா கோடாலியைத் தோளில் போட்டுக்கொண்டு, சாதாரணக் குரலில் சொன்னார்: "சாமை அடிக்கக் களம் பத்தல. அடுத்த வருசம் மாசிக்குள்ள பூ வெக்கலன்னா நெசமாவே வெட்டிடுவன்."

சென்னம்மாளுக்குத் தெரியும்: அப்பா சொன்னால் சொன்னதுதான். மரம் போய்விட்டால் டாக்டரம்மாவிடம் என்னவென்று சொல்லி அனுப்புவது?

அடுத்த மார்கழியில் அவள் இன்னும் கூடுதலாகக் கவனித்தாள். புல்லை இரண்டு மடங்கு வேய்ந்தாள். காலையும் மாலையும் நெருப்புச் சட்டியைக் கொண்டுபோய் மரத்தடியில் வைத்தாள். தன் கம்பளியை மரத்துக்குக் கொடுத்துவிட்டு, கோணிப்பையைப் போர்த்திக்கொண்டு படுத்தாள். அதனால்தானோ என்னவோ, அவளுக்கே காய்ச்சல் வந்துவிட்டது.

மார்கழி முடியும்வரை அவள் எழுந்திருக்கவில்லை. அம்மாவும் அப்பாவும் சாமை அறுப்பில் இருந்தார்கள். மரத்தைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை.

இல்லை என்று சொல்லவும் முடியாது. கருப்பி இருந்தது. கருப்பி என்பது அவர்கள் வீட்டு வெள்ளாடு. ஒரு பக்கத்துப் புல்லை முழுக்கப் பிடுங்கித் தின்றுவிட்டு, கம்பளியையும் கொஞ்சம் சுவைத்துப் பார்த்து, பிடிக்காமல் அந்தப் பக்கம் மட்டும் கீழே இழுத்துப் போட்டிருந்தது.

காய்ச்சல் விட்டு எழுந்து வந்த சென்னம்மாள் அதைப் பார்த்துவிட்டு அங்கேயே உட்கார்ந்து அழுதாள். திறந்து கிடந்த பக்கத்தில் ஒரு கிளை, இலை எல்லாம் உதிர்ந்து குச்சியாக நின்றது. குளிர் அதைக் கொன்றுவிட்டது என்று நினைத்தாள். கருப்பியோடு இரண்டு நாள் பேசவில்லை. கருப்பிக்கு அதில் ஒன்றும் வருத்தம் இருந்ததாகத் தெரியவில்லை.

மாசியும் வந்தது. ஒரு நாள் காலையில் அப்பா கோடாலியைத் தீட்டிக்கொண்டிருந்தார். அம்மா வாசலில் நின்றாள்.

"அப்பா, புல்ல மட்டும் நானே பிரிக்கறன். அப்புறம் வெட்டுங்க" என்றாள் சென்னம்மாள்.

அப்பா சரி என்றார்.

அவள் ஒவ்வொரு கட்டாக அவிழ்த்தாள். உள்ளே இலைகள் பச்சையாகத் தளதளவென்று இருந்தன. கிளை கிளையாகத் தேடினாள். ஒரு மொட்டுகூட இல்லை. கடைசியில் அந்தச் செத்த கிளையிடம் வந்தாள். அதற்கு ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போகலாம் என்று கையில் பிடித்தவள், அப்படியே நின்றுவிட்டாள்.

குச்சி நெடுக மொட்டுகள். சின்னச் சின்னதாய், இளஞ்சிவப்பாய். அதில் ஒன்று வெள்ளையாக விரிந்தே இருந்தது.

"செத்த கெளையில பூவா?" என்று அப்பா கிட்டே வந்தார்.

சென்னம்மாள் இலையோடு இருந்த கிளைகளைப் பார்த்தாள். பூத்த கிளையைப் பார்த்தாள். ஒரே மரம், ஒரே மண், ஒரே தண்ணீர். இந்தக் கிளைக்கு மட்டும் கம்பளி இல்லை, புல் இல்லை. மார்கழிப் பனி முழுவதும் இதன் மேல்தான் விழுந்தது. அப்போது அவளுக்கு, வாசலில் மெல்லிய துணியோடு தூங்கிய டாக்டரம்மாவின் முகம் நினைவுக்கு வந்தது.

"அப்பா, இதுக்குக் குளிரு வேணும்ப்பா. நாமதான் குடுக்காம வெச்சிருந்தோம்."

"குளிரு யாருக்காச்சும் வேணுமா புள்ள?"

"டாக்டரம்மாவுக்கு வேணுமே. இது அவங்க ஊரு மரம்ப்பா."

இத்தனை வருஷமும் பாசமாகப் பார்த்துக்கொண்டு, மரத்தைத் தூங்கவிடாமல் செய்திருக்கிறாள்! மரம் வாய் திறந்து சொல்லுமா என்ன?

அப்பா பூவையும் மகளையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு கோடாலியை ஓங்கினார். அம்மா பழக்க தோஷத்தில், "வெட்டாதீங்க, காய்ச்சிடும்" என்று ஓடி வந்தாள். கோடாலி மரத்தின் மேல் விழவில்லை. புல்லைத் தாங்கி நின்ற கம்புகளை அப்பா ஒவ்வொன்றாக வெட்டித் தள்ளினார்.

பூவெல்லாம் காயாகவில்லை. காய்த்ததில் பாதியைக் குரங்கு கொண்டுபோயிற்று. ஆனாலும் சென்னம்மாள் சொல்லி அனுப்பிய சேதி கேட்டு, ஆடி மாதம் டாக்டரம்மா மலை ஏறி வந்தபோது, கிளையில் ஒரு பழம் இருந்தது. சின்னப் பழம்தான். ஒரு கன்னம் மட்டும் சிவந்திருந்தது.

அம்மா அதைத் துண்டு போட்டு எல்லாருக்கும் கொடுத்தாள். அப்பா ஒரு கடி கடித்துவிட்டு ஒரு கண்ணை மூடிக்கொண்டார். அப்படி ஒரு புளிப்பு! டாக்டரம்மா மட்டும் மெதுவாக மென்று தின்றார். அவர் கண்களில் நீர் வழிந்தது.

"இதேபோல்தான் புளிக்கும்" என்றார். "என் தந்தை இதைத்தான் இனிப்பு என்று சொல்லுவார்."

கம்பளி போர்த்திய கதையைச் சென்னம்மாள் ஒன்றுவிடாமல் சொன்னாள். டாக்டரம்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். ஒரு மரத்துக்கு யாராவது கம்பளி போர்த்துவார்கள் என்று தனக்குத் தோன்றவே இல்லை, தோன்றியிருந்தால் சொல்லியிருப்பேனே என்றார்.

"பிறகு எப்படிக் கண்டுபிடித்தாய்?"

"உங்களையும் உள்ள படுக்க வெச்சு கம்பளி போத்தினோமில்லீங்க? நீங்க எந்திரிச்சுப் போயிட்டீங்க. மரத்தால எந்திரிச்சுப் போக முடியலைங்க."

டாக்டரம்மா அவளை இழுத்து அணைத்துக்கொண்டார்.

சாயங்காலம் ஆடிக் காற்று சில்லென்று வீசத் தொடங்கியது. அம்மா வழக்கம்போலக் கம்பளியோடு வாசலுக்கு வந்தாள். டாக்டரம்மா வேண்டாம் என்று தலையாட்டினார். அம்மா ஆப்பிள் மரத்தைப் பார்த்தாள். சென்னம்மாளும் வேண்டாம் என்று வேகமாகத் தலையாட்டினாள். கொண்டுவந்த கம்பளியைச் சும்மா திருப்பிக் கொண்டுபோக அம்மாவுக்கு மனம் வரவில்லை. கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, மூலையில் ஆப்பிள் தோலை அசைபோட்டுக்கொண்டிருந்த கருப்பிக்குப் போர்த்திவிட்டாள்.