துரையின் பிரம்பு

சுதந்திர தினத்தன்று காலையில் மலைக்கோட்டைக்குக் கீழே இருக்கும் அந்தப் பழைய அருங்காட்சியகத்துக்கு நான் போனதே, பேத்தியின் மாறுவேடத்தைப் பார்த்துவிட்டு, கொடுக்கிற மிட்டாயை வாயில் போட்டுக்கொண்டு தென்னூருக்குத் திரும்பிவிடலாம் என்றுதான். மருமகள் ரஞ்சனிக்கு அங்கேதான் வேலை. வருகிறவர்களுக்கு வாளையும் பீரங்கிக் குண்டையும் காட்டி விளக்கம் சொல்லுவாள்.

வாசலெல்லாம் மூவண்ண பலூன். எந்தப் பக்கம் திரும்பினாலும் அட்டை வாளோடு ஒரு வேலுநாச்சியார். என் பேத்தி கலைமதி மட்டும் முகத்தைத் தூக்கி வைத்திருந்தாள். வெள்ளைக்காரத் துரை வேடத்துக்கு எந்தப் பிள்ளையும் சம்மதிக்காததால் ரஞ்சனி தன் மகளையே பிடித்துத் தொப்பியை மாட்டிவிட்டிருந்தாள்.

"எல்லாரும் என்னை வெரட்டுறாங்க அப்பாயி."

"வெரட்டுனா ஓடு. பின்ன துரைக்கு மாலையா போடுவாங்க?"

தொப்பி சரி. கையில் பிரம்பு இல்லையே என்று ரஞ்சனிக்குக் குறை. கண்ணாடிப் பெட்டியைத் திறந்து, வெள்ளிப் பூண் போட்ட கறுப்புப் பிரம்பை வெளியே எடுத்து மகள் கையில் கொடுத்தாள். அந்தக் கட்டடம் வெள்ளைக்காரனின் காவல்கூடமாக இருந்த காலத்தில், பிடித்து வந்தவர்களை மண்டி போட வைத்து அடித்த பிரம்பு அது. அவளே ஊருக்கெல்லாம் சொன்ன கதைதான்.

"ஏம்மா, ஒரு மூங்கில் குச்சியா கெடைக்கல?"

"போட்டோ எடுத்துட்டு வச்சிடறேன் அத்தை. யாருக்குத் தெரியப்போகுது?"

முற்றத்தில் கொடியேற்றினார்கள். கொடிக்கு முன்னால் செருப்போடு நிற்கக்கூடாது என்று பெரியவர், சின்னவர் எல்லோரும் வாசலிலேயே கழற்றிப் போட்டிருந்தோம். அத்தனை பேரும் வெறுங்கால்.

கொடி பறந்ததும் பிள்ளைகளைப் படம் எடுக்க முற்றத்தின் கோடியில் இருந்த பழைய காவலறைக்குள் அனுப்பினார்கள். கம்பியைப் பிடித்துக்கொண்டு கோஷம் போட வேண்டும். வெளியே சுள்ளென்று வெயில். அந்த அறைக்குள் மட்டும் வெயில் எட்டவில்லை. ஈரச் சுண்ணாம்பும் வௌவால் புழுக்கையும் கலந்த வாடை வந்தது. கலைமதி கடைசியாக உள்ளே போனாள்.

கம்பிக் கதவு தானாகச் சாத்திக்கொண்டது.

கோஷம் பாதியில் நின்றது.

தட்... தட்...

பூட்ஸ் சத்தம்.

என் கண் எல்லோருடைய கால்களையும் தேடியது. வெறுங்கால்கள். ஒருவரும் அசையவில்லை.

சத்தம் உள்ளேயிருந்து வந்தது.

"மண்டி போடு." தமிழை நாக்கில் புரட்டிப் புரட்டிப் பேசும் ஓர் ஆண் குரல். பிள்ளைகள் ஒவ்வொருவராக மண்டியிட்டார்கள். கலைமதி மட்டும் நின்றாள். பிரம்பு பிடித்த அவள் கை மெல்ல மெல்ல மேலே போனது. எதிரே, வேலுநாச்சியார் வேடத்தில் அவள் சிநேகிதி ஷஹனாஸ் முதுகை வளைத்துக்கொண்டு மண்டியிட்டிருந்தாள்.

ரஞ்சனி கதவைப் பிடித்து உலுக்கினாள். பூட்டே இல்லாத கதவு, திறக்கவில்லை.

"கலை, அதைக் கீழ போடுடி!"

"முடியலம்மா. என் கையைப் புடிச்சிருக்காரு. ஷஹனாஸை அடிக்கச் சொல்றாரு."

அவளுக்குப் பின்னால் இருட்டைத் தவிர எதுவும் இல்லை.

தட்.

"மாட்டேன்," என்றாள் என் பேத்தி. "என்னை அடிச்சாலும் மாட்டேன்."

பிரம்பு உச்சிக்குப் போய்விட்டது. அப்போது அவள் இரண்டு குதிகாலையும் சேர்த்து வைத்து, கீச்சுக் குரலில் தேசிய கீதத்தைத் தொடங்கினாள்.

பள்ளிக்கூடத்துப் பழக்கம். பாட்டு தொடங்கிவிட்டால் மூக்கில் எறும்பு ஊர்ந்தாலும் அசையக்கூடாது. தூக்கிய கை இறங்கி விறைப்பாக இடுப்போடு ஒட்டியது. ஷஹனாஸ் எழுந்தாள். மற்றப் பிள்ளைகளும் எழுந்து நின்று சேர்ந்துகொண்டார்கள். வெளியே நாங்களும் பாடினோம். என் தொண்டை எப்படிப் போனால் என்ன, சுவர் அதிரப் பாடினேன்.

உள்ளே நடை நின்றது.

டக்.

பூட்ஸின் இரண்டு குதிகால்கள் சேரும் சத்தம்.

பாடி முடிக்கும்போது கதவு திறந்திருந்தது. ரஞ்சனி முந்தானையால் பிரம்பைப் பிடித்துப் பெட்டிக்குள் போட்டுப் பூட்டினாள்.

சாயங்காலம் வீட்டில் டிவி போட்டிருந்தோம். டெல்லி விழாவை மறுபடி காட்டினார்கள். தேசிய கீதம் ஒலித்ததும் நாங்கள் மூவரும் எழுந்து நின்றோம்.

டக்.

எங்கள் முதுகுக்குப் பின்னால்தான்.

எங்கள் வீட்டில் பூட்ஸ் போடுகிறவர் யாருமில்லை. ரஞ்சனி என் கையைப் பிடித்தாள்.

"பாட்டு முடிஞ்சா நடக்க ஆரம்பிப்பாரு அப்பாயி," என்று கலைமதி உதடு அசையாமல் முணுமுணுத்தாள்.

"முடிஞ்சிரும்டி கண்ணு. அப்புறம் என்ன செய்யிறது?"

அவள் திரும்பிப் பார்க்கவில்லை. நெஞ்சை நிமிர்த்திக்கொண்டாள்.

"நடக்கட்டும். நா மறுபடி பாடுவேன்."

டிவியில் பாட்டு முடிந்தது.

தட்.

கலைமதி வாயைத் திறந்தாள்.